விலாசம் என்று நான் சொன்ன நாலு வரி

மாப்ள,

இன்று காலை கடையைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உன் மகள் வந்து நின்றாள். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தவள், பள்ளிக்கூட விடுதிக்குத் திரும்பும் வழியில் உசிலம்பட்டி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே இங்கே வந்திருக்கிறாள். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. "அம்மா இத ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னுச்சு மாமா. அப்பாவோட சாமான். என்ன ஏதுன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்னுச்சு" என்றாள்.

மூடியைத் திறந்ததும் ரங்கூன் எண்ணெய் வாசனை அடித்தது. துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய்தான். தினமும் இந்தக் கடையில் அதிலேதான் கிடக்கிறேன். என் சாப்பாட்டில்கூட அந்த வாடை வருகிறது என்று வீட்டில் சண்டை. ஆனால் டப்பாவிலிருந்து வந்தது வேறு. அதில் சோழவந்தான் வெற்றிலையும் உன் புகையிலையும் கலந்திருந்தன. நீ எனக்குப் பின்னால் வந்து நிற்கிறாய் என்றே ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது.

உள்ளே இரண்டு திருப்புளி, ஒரு சன்ன அரம், துணியில் முடிந்த ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தேன். கட்டைவிரல் அகலத்தில் ஒரு தோல் திண்டு. பார்த்ததுமே எந்தத் திண்டு என்று தெரிந்துவிட்டது.

"அப்பா இத சும்மா சும்மா அமுக்கிப் பாத்துக்கிட்டே இருப்பாரு மாமா. என்னப்பா அதுன்னு கேட்டா, எந்திரிக்குதான்னு பாக்குறேன்னு சிரிப்பாரு. என்ன மாமா இது?"

"துப்பாக்கிச் சாமான்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்கும் கோழை, இன்றைக்கும் கோழை. பிள்ளைக்கு ஒரு காப்பி வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பிவிட்டு, தூசி இல்லாத மேசையை மறுபடியும் துடைத்தேன்.

நீயும் நானும் ஒரே வருஷம் இந்தக் கடையில் சேர்ந்தோம். டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து, துப்பாக்கி விற்கவும் பழுது பார்க்கவும் லைசென்ஸ் உள்ள கடை. எனக்கு மேசையும் பேனாவும். மதராஸுக்கும் சீமைக்கும் இங்கிலீஷில் கடிதம் எழுதுவது, வருகிற காகிதத்தை வாசித்துச் சொல்வது. உனக்குப் பட்டறைப் பலகை. நான் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகன். நீ உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காட்டில் காளை பூட்டி உழுத வீட்டுப் பிள்ளை. உனக்குக் கையெழுத்து மட்டும் வரும், அதையும் படம் வரைகிற மாதிரி வரைவாய். எனக்கு ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. "ரெண்டு பேரும் சேந்தாத்தான்டா ஒரு ஆளு" என்பார் முதலாளி. நீ அதைக் கேட்டுச் சிரிப்பாய். எனக்கு உள்ளுக்குள் கோபம் வரும். என் பாதியும் உன் பாதியும் ஒன்றா என்று நினைத்தவன் நான். சொல்லிவிட்டேன், இனி மறைக்க என்ன இருக்கிறது?

ஜெர்மன் சண்டை வருவதற்குக் கொஞ்ச வருஷம் முன்னால் அந்தப் பண்ணையார் தன் அமெரிக்கத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். மலையடிவாரத்தில் அவருடைய கடலைக் காட்டைப் பன்றிகள் உழுதுபோட்டுக்கொண்டிருந்தன. விசையை ஒருமுறை அமுக்கினால் ஒரு குண்டு. அடுத்த தோட்டா தானாகவே உள்ளே ஏறிக்கொள்ளும் என்று சொன்னதும் தெருவே எட்டிப் பார்த்தது. மதுரைக்கு அந்த ஜாதித் துப்பாக்கி அப்போது புதுசு.

"சீமையில புதுசா என்னென்ன வந்திருக்கோ எல்லாத்தையும் வாங்கி மாட்டிப்புடுப்பா. பக்கத்துப் பண்ணைக்காரன் பாத்து வயிறு எரியணும்" என்றார் உன்னிடம்.

"மாத்தணும்ங்கறதுக்காக மாத்தக் கூடாதுங்கய்யா. எது தேஞ்சிருக்குன்னு பாப்போம். அத மட்டும் மாத்துவோம்" என்றாய் நீ.

வெள்ளைத் துணியை விரித்து, கழற்றின வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்தாய். கண்ணால் பார்ப்பது உனக்குக் கடைசி. முதலில் கட்டைவிரல்தான். குழலின் வாயில் நகத்தை ஓட்டினாய். விசையைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாய். பெரிய ஸ்பிரிங்கை உள்ளங்கையில் வைத்து, காய்ச்சல்காரன் கையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு தீர்ப்பு: "குழல் தங்கம், அதத் தொடவே கூடாது. விசை நல்லாருக்கு. குறி பாக்குற முள்ளு எங்கயோ இடிச்சு வளைஞ்சிருக்கு. ஸ்பிரிங்கு ஓஞ்சு போச்சு." அந்த இரண்டை மட்டும் வரவழைக்கச் சொன்னாய். பண்ணையாருக்கு ஏமாற்றம். உன் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீ வேலை பார்த்த துப்பாக்கி ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் உன் சொத்து.

கப்பலில் பார்சல் வந்து சேர மாசக்கணக்கானது. மஞ்சள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றின ஸ்பிரிங், ஒரு புது முள், அச்சடித்த ஒரு சீட்டு. செய்தி கேட்டு அன்றைக்கே பண்ணையார் வந்துவிட்டார். நாற்காலியைப் பட்டறைப் பலகைக்கு எதிரே இழுத்துப் போட்டு, கலர் சோடா ஒன்றை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்று சீட்டை வாசித்தேன். உட்கார்ந்தே வாசித்திருக்கலாம், நின்றேன். முதலில் இங்கிலீஷில் ஒரு வரி, பிறகு தமிழில் அர்த்தம். யாரும் என்னை இங்கிலீஷில் வாசிக்கச் சொல்லவில்லை. "அடேயப்பா! தம்பி தொரைமாரு கணக்கால்ல வாசிக்குது" என்றார் பண்ணையார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

சீட்டின் அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் நாலு வரி. முதல் வரியிலேயே எனக்குத் தெரியாத ஒரு வார்த்தை. மூன்றாவது வரியில் இன்னொன்று. கண்ணை ஓட்டினேன், அர்த்தம் கூடவில்லை. பண்ணையார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இரு மாப்ள, எனக்கு இது தெரியலை" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. நீ "சரி, ஒங்க அப்பாகிட்ட கேட்டுட்டு வா" என்றிருப்பாய். சீட்டை மடித்துக்கொண்டே நான் சொன்னேன்: "அம்புட்டுதான் மாப்ள. கீழ இருக்கறது கம்பெனி விலாசம்."

"விலாசமா? சரி" என்றாய் நீ.

அது முதல் பொய். இரண்டாவதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது. முள்ளை மாட்டிவிட்டு, ஸ்பிரிங்கை ஏற்றப் போகும்போது நீ கையை நிறுத்தினாய். உள்ளே இரும்பு வந்து மோதுகிற இடத்தில் இருந்த தோல் திண்டை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினாய்.

"மாப்ள, இது பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அமுக்குனா எந்திரிக்க மாட்டேங்குது. புது ஸ்பிரிங்கு முரடா வேற இருக்கு. இந்தத் திண்டப் பத்திச் சீட்டுல எதுவும் போட்டிருக்கானா?"

சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்திருக்கலாம். பண்ணையார் இன்னும் கலரைக் குடித்து முடிக்கவில்லை. விலாசம் என்று சொன்ன வாயால் எப்படி மறுபடி பிரிப்பது? "ஒண்ணும் போடலை மாப்ள" என்றேன்.

நீ இன்னொரு தரம் அமுக்கிப் பார்த்தாய். "செஞ்சு அனுப்புற கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுது" என்று சொல்லி, திண்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாய். உன் விரலை விட்டுவிட்டு என் வாயை நம்பினாய்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். மூன்று நாள் அந்தச் சீட்டு என் பையிலேயே கிடந்தது. அப்பாவிடம் தடித்த அகராதி இருந்தது. எடுத்துப் பார்க்க ஐந்து நிமிஷம். எடுத்தால் நான் அரைகுறை என்பது எனக்கே உறுதியாகிவிடும் என்ற பயத்தில் எடுக்கவில்லை.

நாலாம் நாள் பண்ணையாரின் ஊர்க் கண்மாய்க்குப் போனோம். கோடை, கண்மாய் வெடித்துக் கிடந்தது. கரையைப் பார்த்து ஒரு தகரத்தை நட்டு வைத்திருந்தார்கள். வேலை பார்த்தவன் தோளில்தான் முதல் மூன்று குண்டு என்பது உன் சட்டம். அதற்குப் பிறகுதான் சொந்தக்காரர் கையில் கொடுப்பாய். நீ மூன்று சுட்டாய். மூன்றும் தகரத்தில் ஒரு கை அகலத்துக்குள் விழுந்தன. ஊர்ச் சனம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அப்புறம் பண்ணையார் வாங்கித் தோட்டாக்களை நிறைய அடைத்தார். விட்டு விட்டுச் சுட்டுக்கொண்டே வந்தார். ஆறாவதா ஏழாவதா, நினைவில்லை. அவர் ஒருமுறைதான் அமுக்கினார். துப்பாக்கி இரண்டுமுறை வெடித்தது. இரண்டாவதை அவர் எதிர்பார்க்கவில்லை, குழல் பக்கவாட்டில் எகிறியது. தூரத்தில் கருவேல மரத்தடியில் வண்டியிலிருந்து அவிழ்த்துக் கட்டியிருந்த அவருடைய செவலைக் காளை அப்படியே முன்னங்காலில் மடங்கியது.

அது எழுந்திருக்கவில்லை. கால் எலும்பு வெளியே தெரிந்தது. கடைசியில் அதே துப்பாக்கியில் ஒரு தோட்டா போட்டு, யாருக்கும் மனசு வராமல், நீதான் போய்ச் செய்தாய். அதற்கு முன்னால் அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்து என்னவோ சொன்னாய். அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் காளை என்றால் என்ன என்று மதுரைக்காரனான எனக்கு அன்றுதான் தெரிந்தது. பண்ணையாரின் சம்சாரம் கரையில் உட்கார்ந்து பெற்ற பிள்ளைக்கு அழுகிற மாதிரி அழுதார்.

நீ திரும்பி வந்ததும் பண்ணையார் உன் கன்னத்தில் அறைந்தார். உன் சொந்த ஊரிலிருந்து ரெண்டு மைல். நின்றவர்களில் பாதிப்பேர் உன் சொந்தக்காரர்கள்.

"எழுத்து வாசன இல்லாத பய கையில சீமத் துப்பாக்கியக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்!" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிச்சவன். நீ சொல்லு. காயிதத்துல இருந்ததப் பூரா இவன்கிட்ட வாசிச்சுக் காட்டுனியா, இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். கன்னம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டி, ஆனால் கோபமில்லாமல், நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி பார்த்தாய்.

"பூராவும் வாசிச்சுக் காட்டுனேங்கய்யா" என்றேன்.

நீ தலையைக் குனிந்துகொண்டாய். "என் கைத் தப்புத்தாங்கய்யா" என்றாய். அதோடு முடிந்தது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தோம். செக்கானூரணி தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அது என்ன பாவம் பண்ணுச்சு மாப்ள, மரத்தடியில சும்மா நின்னுச்சு" என்றாய். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடாதா? சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா? நான் அப்போதே உடைந்து சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு வெட்கங்கெட்ட சமாதானம்! அறை வாங்கியவன்தான் என் வாயைத் திறந்துவிட்டிருக்க வேண்டுமாம்.

மறுநாள் மத்தியானம் அகராதியை எடுத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தேவனிடம் சொல்வது சுலபம் மாப்ள, அவர் எனக்குப் பக்கத்துப் பலகையில் வேலை பார்க்கவில்லை.

பண்ணையார் துப்பாக்கியைக் கடைக்குத் திருப்பி அனுப்பி, முதலாளிக்கும் சொல்லி அனுப்பினார். நீ அந்தத் திண்டைக் கழற்றி எடுத்துக்கொண்ட அன்றைக்கே முதலாளி உன்னை நிறுத்திவிட்டார். நீ யானைக்கல் கடைவீதியில் ஒரு மூலையில் உட்கார்ந்து பூட்டும் ஸ்டவ்வும் பழுது பார்த்தாய். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். போனால் நீ விடமாட்டாய்: "என்ன வாத்தியார் மகனே, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற?" என்று கூப்பிட்டு வெற்றிலை நீட்டுவாய். ஒருநாள் நான் நிற்கும்போதே ஒருவர் ரெட்டைக் குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து, குதிரை இறுகிக் கிடக்கிறது, என்னவென்று பார்த்துச் சொன்னால் போதும் என்று கெஞ்சினார். நீ கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாய், தொடவில்லை. "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்கய்யா" என்றாய்.

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. தெரிந்த நீ தெரியாது என்கிறாய். தெரியாத நான் ஒரே ஒரு தடவை அதைச் சொல்லியிருந்தால் போதும். அன்றிலிருந்து உன் கட்டைவிரலை நீயே நம்பவில்லை. வேலை போனதைவிட அது பெரிய திருட்டு. திருடியவன் நான்.

இன்று காலைக்கு வருகிறேன். உன் மகள் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். வளர்ந்துவிட்டாள் மாப்ள, உன் தாடை அப்படியே. படிப்பு எப்படிப் போகிறது என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"இங்கிலீஷ்ல நான்தான் மாமா மொதல்ல. பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. அப்பாதான் ஒத்தக்கால்ல நின்னாரு. எம்புள்ள எதையும் கடைசி வரி வரைக்கும் தானே வாசிக்கணும், இன்னொருத்தன் வாயப் பாத்து நிக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

பெருமையாகச் சொன்னாள். என்னைக் குத்துவதற்காக அல்ல. வரட்டுமா மாமா என்று பையை எடுத்து வாசலில் இறங்கியவளை, "இரும்மா" என்று கூப்பிட்டேன்.

அந்தச் சீட்டு அப்பாவின் வேதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. புத்தகம் கடை மேசை இழுப்பறையில். எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "கோட்டுக்குக் கீழ இருக்கறத வாசிச்சு அர்த்தம் சொல்லும்மா" என்றேன்.

வெளிச்சத்துக்குப் போய் நின்றாள். வாய்க்குள் வாசித்தாள். சட்டென்று தலையை நிமிர்த்தி, "மொத வரியில இந்த வார்த்த எனக்குத் தெரியலை மாமா. என்ன அர்த்தம்?" என்றாள்.

அம்புட்டு லேசாகக் கேட்டாள் மாப்ள. மூச்சு விடுகிற மாதிரி. நான் அர்த்தம் சொன்னேன். அடுத்ததையும் சொன்னேன். அவள் தமிழில் வாசித்தாள். நீயும் கேட்டுக்கொள். உனக்கு வாசிக்க வேண்டியவன் வாசிக்கவில்லை. உன் மகள் வாசிக்கிறாள்:

"எச்சரிக்கை. இந்த ஸ்பிரிங் பழையதைவிட வலுவானது. இதை மாட்டுமுன் உள்ளே இருக்கும் தோல் திண்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கவும். உடனே எழும்பாவிட்டால் திண்டையும் மாற்றவும். தேய்ந்த திண்டோடு இந்த ஸ்பிரிங்கை மாட்டினால் துப்பாக்கி தானாகவே மறுபடி சுடக்கூடும்."

கட்டைவிரலால் என்றே போட்டிருக்கிறான். கடல் தாண்டி ஒருவன் உன் விரலைப் பார்த்து எழுதின மாதிரி.

அவள் சீட்டைப் பார்த்தாள், மேசைமேல் இருந்த திண்டைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கலர், விலாசம், கண்மாய், செவலைக் காளை, பூராவும் வாசித்தேன் என்று சொன்னது. எதையும் மழுப்பவில்லை. அவள் அழவில்லை. "அப்பாவுக்கு இது தெரியுமா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியலைம்மா" என்றேன்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை, திட்டவும் இல்லை. திருப்புளிகளையும் அரத்தையும் டப்பாவில் எடுத்து வைத்தாள். சீட்டைத் தன் இங்கிலீஷ் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். "அடுத்த லீவுக்கு இத நான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும். எங்க ஊர்க்காரங்களுக்கும் காட்டணும்" என்றாள். நல்லதும்மா என்றேன். தோல் திண்டை மட்டும் எடுக்காமல் என் பக்கம் நகர்த்திவைத்தாள். "இது ஒங்ககிட்டயே இருக்கட்டும் மாமா."

சீட்டு இருந்த சட்டைப் பையில் இப்போது அது இருக்கிறது. இதை எழுதுகிற இடைவெளியில் நாலைந்து தரம் எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டேன்.

எந்திரிக்க மாட்டேங்குது மாப்ள.